உப்புத் தண்ணீருக்கு ஒரு தக்காளி

நான் கட்டியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். பேரணாம்பட்டு ரோட்டோரம் முள்ளும் கல்லுமாகக் கிடந்த தரிசை வாங்கி நிலமாக்கினேன். வேண்டாம், அதில் எருக்கஞ்செடிகூட முளைக்காது என்று சொன்னவர்கள் எல்லாரும் பிறகு என் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த நிலத்தில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். வெடி வைக்க வசதியில்லாத காலம், உளியும் சம்மட்டியும்தான். உடைத்த கல்லையும் மண்ணையும் என் மனைவி கூடையில் சுமந்து மேலே ஏற்றினாள். முதல் ஊற்று வந்த அன்றைக்கு அவள் உள்ளேயே இறங்கி நின்று முகம் கழுவினாள். மாடி வீடு கட்டினேன். மோட்டார் கொட்டகை போட்டேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டியவன் அதே ஷாப்புக்கு மேஸ்திரியானேன். தோல் சுழற்றும் புது டிரம்கள் வந்து இறங்கியபோது எது எங்கே நிற்க வேண்டும் என்று முதலாளி என்னைத்தான் கேட்டார். மகனை டிப்ளமா வரைக்கும் படிக்க வைத்தேன். நெமிலிப் பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் பையோடு வந்தவன் நான். மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை.

இவ்வளவும் கட்டினேன். ஒரு தக்காளிச் செடியைக் கோடையில் நிற்க வைக்க என்னால் முடியவில்லை. இந்த மூன்று கோடையும் அதில்தான் போயிற்று.

போன பொங்கலன்று மகன் பேச்சை எடுத்தான். அவன் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அட்டைப் பெட்டி அடுக்கி வைக்க இடம் தேடுகிற கான்ட்ராக்டர் ஒருவர் எங்கள் நிலத்தைக் கேட்டிருந்தார். ரோட்டோர நிலம், லாரி வந்து திரும்ப வசதி. குடோன் கட்டினால் தளம் போட வேண்டும். தளம் போட்டால் கிணற்றைக் கல்லும் மண்ணும் கொட்டி மூட வேண்டும். அவன் கத்திப் பேசுகிறவன் இல்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ப்பா, இந்தக் கோடையோட முடிச்சிக்கலாம். செடி நின்னா நிலம் நிக்கட்டும். நிக்கலன்னா வுட்டுடலாம். வெயில்ல நின்னு நீயும் விழுந்துடப் போற."

நான் சரி என்றேன். ஜெயிப்பேன் என்ற நினைப்பில் சொன்ன சரி அது. நான் எதில் தோற்றிருக்கிறேன்?

தக்காளி ஏன் என்று கேட்பீர்கள். ஆம்பூரில் பிரியாணிக் கடைக்குக் குறைவில்லை. தக்காளியும் கத்திரிக்காயும் இல்லாமல் எந்தக் கடையும் அடுப்புப் பற்ற வைக்காது. கோடையில் ஆந்திராவிலிருந்து மலை இறங்கி வருகிற தக்காளியை நம்பித்தான் எல்லாரும் இருக்கிறார்கள். நம் ஊர்ச் செடி பங்குனி தாண்டினால் பூவைக் கொட்டிவிடும். கத்திரி வெயிலில் காய் பிடிக்கிற செடி ஒன்று என் கையில் இருந்தால் ஊரே என் வாசலில் நிற்கும் என்று கணக்குப் போட்டேன்.

விதைக் கடைக்காரர் பாக்கெட்டுகளைப் பரப்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வார். எனக்கு அந்தக் கதை வேண்டாம். நான் பழத்தைக் கேட்பேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தோலை நகர்த்திப் பார்ப்பேன். ஆட்டுத்தோலை அப்படித்தான் பார்ப்போம். எது தாங்கும், எது கிழியும் என்று விரல் சொல்லிவிடும். தோல் கெட்டியாக இருந்தால் வெயில் தாங்கும் என்பது என் முடிவு. கடைக்காரர் சிரித்தார். மேஸ்திரி, இது செருப்பு தைக்க இல்லை என்றார். அவர் எத்தனை தோல் பார்த்திருப்பார்?

முதல் கோடையில் கம்பெனி விதை போட்டேன். ஆள் உயரம் வளர்ந்தது, மஞ்சளாகப் பூத்தது, ஒரு வாரத்தில் அத்தனை பூவும் காம்போடு கீழே கிடந்தது. வெயில் என்றேன். அடுத்த கோடையில் மலைக்கு அந்தப் பக்கம் போய், கெட்டித்தோல் ரக நாற்று வாங்கி பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அது பூக்கவே இல்லை. இலை ஓரம் தீய்ந்து, பீடி இலை மாதிரி சுருண்டது. இதுவும் வெயில்தான் என்றேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் இருந்தது. அது என் நாக்கு.

ஷாப்புக்கு வருகிற பச்சைத் தோல் உப்புத் தடவித்தான் வரும். அதைத் தொட்டியில் ஊறப் போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி உப்பைக் கழற்றிவிட்டுத்தான் சுண்ணாம்புக்கு அனுப்ப வேண்டும். உப்பு போயிற்றா இல்லையா என்று பார்க்க எங்கள் காலத்தில் மீட்டர் இல்லை. நான் விரலை நனைத்து நாக்கில் வைப்பேன். இன்னொரு தண்ணி மாத்து என்பேன், அல்லது போதும் தூக்கு என்பேன். நான் சொன்னால் சரியாக இருக்கும். பிறகு மீட்டர் வந்தது. அப்போதும் சூப்பர்வைசர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பார். நாக்கு மேஸ்திரி என்றுதான் எனக்குப் பெயர். அந்தப் பெயர் இந்த வட்டாரத்துத் தோல் ஷாப்புகளில் வேறு யாருக்கும் கிடையாது.

என் கிணற்றுக்கும் அதே பரிசோதனைதான். காலையில் மோட்டார் போட்டதும் குழாய் வாயில் விரல் வைத்து நாக்கில் வைப்பேன். இனிப்பு. மூன்று கோடையும் இனிப்பு. வீட்டில் எல்லாரும் பல வருஷமாகக் கேன் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரை ருசி பார்க்கிற வேலை என்னுடையது. என் வேலையில் யாரும் குறுக்கே வர மாட்டார்கள்.

இந்த வருஷம் நாட்டுத் தக்காளி போட்டேன். வம்பே வேண்டாம், நம் மண்ணுக்கு நம் செடி என்று. வெயிலுக்குப் பயந்து மேலே தென்னங்கீற்று வேய்ந்தேன். கீற்று போதாத இடத்தில் போய்ச் சேர்ந்த என் மனைவியின் பழைய புடவைகளைக் கட்டினேன். பங்குனிக் கடைசியில் இலை ஓரம் தீயத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீய்ந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தாகம் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். ஒரு வேளை பாய்ச்சியதை இரண்டு வேளை ஆக்கினேன். எவ்வளவு ஊற்றினேனோ அவ்வளவு சீக்கிரம் தீய்ந்தது. மோர் ஊற்றினேன், வெல்லம் கரைத்து ஊற்றினேன். மத்தியானத்தில் செடிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரோட்டில் போகிறவர்கள் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்கள். நான் நகரவில்லை. செடி தீய்ந்தால் கிணறு மூடப்படும். எனக்கு அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. என் மனைவி முகம் கழுவிய தண்ணீரின் மேல் யாரோ அட்டைப் பெட்டி அடுக்குவான்.

அந்த நாட்களில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். அவளும் ஷூ கம்பெனியில்தான், தையல் மிஷினில் உட்காருகிறவள், ஒரு குழந்தைக்குத் தாய். பிறந்த ஊர் ஆலங்காயம் பக்கம், மலையடிவாரம். வெயிலில் நடந்து வந்த தாகத்தில், கேன் தண்ணீர் கொண்டுவர மறந்துவிட்டாள் போலிருக்கிறது, ஓடுகிற குழாயில் கையை ஏந்தி ஒரு வாய் குடித்தாள். அப்படியே துப்பினாள்.

"மாமா, இன்னா தண்ணி இது? கருவாடு கழுவின மாதிரி இருக்குது."

நான் சிரித்தேன். மலைத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண், பூமித் தண்ணீர் பழக்கமில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. திரும்ப ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து செடியின் அடி மண்ணைக் கிளறினாள். மேல் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் அதை மோரின் வெள்ளை என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் பார்க்க, அவள் இரண்டு டம்ளரை என் முன்னால் வைத்தாள். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். எது எது என்று சொல்லுங்கள் மாமா என்றாள். இதெல்லாம் எனக்கு ஒரு பரீட்சையா என்று நான் இரண்டையும் ருசி பார்த்தேன். இடது கைப் பக்கத்து டம்ளர் இனிப்பாக இருந்தது. இதுதான் கேன் என்றேன்.

மகன் அந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் போய்த் துப்பினான்.

டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கினேன். நான் மறுபடி குடித்தேன். இனிப்பாகவே இருந்தது. சமையலறைக்குப் போய்க் கல்லுப்பை எடுத்துக் கேன் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் போட்டேன். உப்பு எங்கே இருக்கிறது என்று என் நாக்கால் துழாவித் தேடினேன். ஒரு கை நிறையப் போட்ட பிறகுதான் லேசாகக் கரித்தது. அந்த டம்ளரைக் கீழே வைக்கவும் முடியாமல் பிடித்திருக்கவும் முடியாமல் நின்றேன்.

மகன் வாசலில் நின்றபடி சொன்னான்: "வெயில் வெயில்னு எல்லா ரகத்தையும் மாத்தின. தண்ணி உப்புப்பா. ஷாப்புத் தண்ணி பூமிக்குள்ள எறங்கி கெணத்துக்கு வந்துடுச்சி. நீ வுட்ட தண்ணிதான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. நானா விட்டேன்? முதலாளி சொன்னார், தொட்டியைத் திறந்தேன். திறக்காவிட்டால் அன்று மாலையே வேறொருத்தன் திறந்திருப்பான். இந்த நாக்கு உப்பில் ஊறியதால்தான் நீ டிப்ளமா படித்தாய் என்றேன்.  கான்ட்ராக்டர் ஆட்கள் வைகாசி முடிவதற்குள் அளக்க வருவார்கள், சொல்லியாயிற்று என்று மட்டும் அவன் சொன்னான்.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ருசியே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ருசி முன்பும் இல்லை, இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. என்னிடம் இருந்ததிலேயே பெரிய சொத்து என்று நான் எல்லாரிடமும் காட்டிய அந்த நாக்கு செத்துக் கிடந்திருக்கிறது. செத்த நாக்கைக் கேட்டுக் கேட்டுத்தான் என் மனைவி மண் சுமந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றிச் செடியைக் கொன்றிருக்கிறேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பேன். எட்டிப் பார்க்கிற நேரமெல்லாம் மருமகள் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வருவாள். அவள் எதற்கு வருகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

ஒருநாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் என்ன சொன்னாலும் இது எனக்கு நினைவு வந்தது, வேறு யாருக்கும் இல்லை.

எங்கள் பழைய ஷாப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு வடிகால் போகும். ஊறல் தொட்டித் தண்ணீரெல்லாம் அதில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் என் தோஸ்த் பாயின் பிரியாணிக் கடை. அழுகல் தக்காளியையெல்லாம் அவர் கடைப் பையன்கள் வடிகால் ஓரத்தில்தான் கொட்டுவார்கள். அதிலிருந்து எப்போதும் செடி முளைத்துக் கிடக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் அங்கே உட்கார்ந்தபோது சித்திரையிலும் அதில் பழம் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அதைப் பறித்ததில்லை. பார்த்து முகம் சுளித்துக்கொண்டு சாப்பிடுவோம்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஷாப் மூடிப் பல காலம் ஆயிற்று. இடிந்த சுவர், உச்சி வெயில், வடிகால் ஓரமெல்லாம் உப்புப் பூத்த வெள்ளை மண். அதன் மேல் தரையோடு படர்ந்து செடி கிடந்தது. இலை சின்னதாக, தடிமனாக, சாம்பல் பச்சையில். பூ இருந்தது. பூவுக்குக் கீழே கோலிக்குண்டு அளவு காய் இருந்தது. நான் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த மண்ணில் அந்த வெயிலில் முட்டி வெந்தது. எழுந்திருக்கவில்லை. மற்ற எல்லாச் செடியும் இங்கே முளைத்துச் செத்திருக்கும். சாகாதது விதை போட்டு, அதன் விதையில் சாகாதது மறுபடி விதை போட்டு, இத்தனை வருஷம் யாரும் கேட்காமல் இந்தச் செடி தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறது. விதைக் கடையில் நான் தேடியது என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

பாய் கடைப் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொழுகைக்கு மண்டி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கியே மேஸ்திரி, உடம்பு சரியில்லையா என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"என் கடை குப்பைய எடுத்து நீ பெரிய ஆளாகப் போறியா? எடுத்துக்கோ. ஆனா பழுத்தா என் கடைக்கு அனுப்பாத. வடிகால்னு தெரிஞ்சா ஒருத்தன் உள்ள வர மாட்டான்."

விதை போட்டு வளர்க்க நேரமில்லை. வைகாசி முடிவதற்குள் காயோடு செடி நிற்க வேண்டும். அதனால் வேரைச் சுற்றிய வெள்ளை மண்ணோடு செடிகளைத் தோண்டி, சிமெண்ட் பையில் வைத்து, மொபெட்டின் முன்னால் நிறுத்திக் கொண்டு வந்தேன். பக்கக் கிளைகளை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினேன். தீய்ந்த நாட்டுத் தக்காளியைப் பிடுங்கிய குழியிலேயே நட்டேன். அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். முதல் வாரம் எல்லாம் துவண்டு படுத்துக்கொண்டது. நானும் வரப்பில் படுத்துக்கொண்டேன். மகன் வந்து கூப்பிட்டான், போகவில்லை. பாதிக்கு மேல் செத்தது. மீதி ஒரு காலையில் தலையைத் தூக்கியது.

அளக்க வந்தபோது ஒரு வரிசை நின்றது. ஒரே ஒரு வரிசை. அதில் காய் இருந்தது. கான்ட்ராக்டரின் ஆட்கள் டேப்பை இழுத்துக்கொண்டு வரிசைக்குக் குறுக்கே வந்தார்கள். நான் நடுவில் நின்றேன். ஒருவர் மகனைப் பார்த்தார். மகன் செடியைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. மருமகள் டேப்பின் நுனியைக் கையில் வாங்கிச் சுருட்டினாள்.

"பேச்சு பேச்சா இருக்கணும் இல்ல? செடி நின்னா நிலம் நிக்கும்னு நீங்கதான சொன்னீங்க," என்றாள் அவனிடம்.

அவன் குனிந்து ஒரு காயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த கோடை வரைக்கும் பார்க்கலாம் என்று அவர்களை அனுப்பினான். அடுத்த கோடை வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை தரவில்லை.

அந்தப் பழத்தை நாங்கள் யாரும் தின்னவில்லை. பழுத்ததும் நான் ஒன்றைப் பறித்து வாயருகே கொண்டு போனேன், மருமகள் பிடுங்கிவிட்டாள். வடிகால் மண்ணில் பிறந்த செடி, அதில் என்ன ஏறியிருக்கிறதோ, குழந்தை இருக்கிற வீடு என்றாள். விதையை மட்டும் எடுப்போம், நல்ல மண்ணில் நாற்று விட்டு, அதில் வருகிற பழத்தைப் பரிசோதனைக்கு அனுப்பித் தெரிந்துகொண்டு தின்போம் என்றாள். சரிதான். ஆனால் கிணறு கிணறாகத்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரை ஊற்றினால் பழத்தில் என்ன வரும் என்று இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மழை நன்றாகப் பெய்யாவிட்டால் அடுத்த கோடையில் உப்பு இன்னும் ஏறும். அப்போது இந்தச் செடியும் தாங்குமா, தெரியாது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கலாம் என்றால் எனக்கு அந்த நாக்கும் இல்லை. தினமும் காலையில் மருமகள் ருசி பார்த்துவிட்டு ஷிப்டுக்குப் போகிறாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இதற்கிடையில் பக்கத்து ஊர் நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர் விதை கேட்டு வந்தார். மருமகள் கொடுத்தாள். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். நாற்றுத் தட்டுக்கு மேல் போர்டு வைத்திருக்கிறார்: உப்புத் தண்ணீர் தாங்கும் தக்காளி, எங்கள் சொந்தத் தேர்வு என்று. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அங்கேயே சண்டை போட்டேன். யார் தேர்வு செய்தது? வெள்ளை மண்ணில் முட்டி வெந்தது யாருக்கு? அவர் சிரித்துக்கொண்டே, உங்கள் மருமகள்தான் கண்டுபிடித்ததாக உங்கள் மகன் சொன்னாரே என்றார்.

வீட்டுக்கு வந்து மகனைக் கேட்டேன். தண்ணீர் உப்பு என்று கண்டுபிடித்தது அவள்தானே என்றான். அது அவள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன், அவள் பெயரையும் போடட்டும். செடியைக் கண்டது நான். அவன் களைத்துப் போய் வேலையிலிருந்து வந்திருந்தான். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்:

"தண்ணிய கெடுத்ததும் நீ, தக்காளிய கண்டுபிடிச்சதும் நீயாப்பா?"

 அன்றைக்கும் முதலாளி சொன்னார் என்று சொல்லப் போனேன், நிறுத்திக்கொண்டேன். இப்போது சொல்கிறேன். ஆமாம், நான்தான். அந்தத் தொட்டிகளைத் திறந்துவிட்ட கை இந்தக் கை. அந்த உப்பில் என் பங்கு எவ்வளவு என்று யாராவது எழுத வந்தால் குறைக்காமல் எழுதட்டும், நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் உப்போடு நிறுத்தக் கூடாது. அந்த வடிகாலை எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தச் செடி எனக்குத் தெரிந்தது. அடுத்த கோடையில் என் கிணறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தப் போர்டில் சொந்தத் தேர்வு என்பதை அழித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும். மருமகள் பெயருக்குக் கீழே எழுதினாலும் சரி. எழுதியே ஆக வேண்டும்.